வெடிச் சத்தத்தில் விடுபட்ட ஒரு சொல்

1. மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலி

தனியாக நான் எழுதப் போன முதல் பொதுக்கூட்டமே கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. தேனி தனி மாவட்டமான மறுவருடம் அது. எனக்கு இருபத்தாறு வயது.

என் வேலை பலருக்குத் தெரியாது. காக்கிச் சட்டை போடாமல் போலீஸ் துறையில் இருந்தவள் நான். சுருக்கெழுத்து நிருபர். ஆபீசில் எல்லோருக்கும் 'ரிப்போர்ட்டரம்மா'. எந்தக் கட்சி, எந்த அமைப்பு கூட்டம் போட்டாலும் மேடைக்கு முன்னால் ஓரமாக உட்கார்ந்து, பேசுவதை ஒரு சொல் விடாமல் ஷார்ட்ஹேண்டில் எடுக்க வேண்டும். மறுநாள் அதைத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். கைதட்டினால் அடைப்புக்குறிக்குள் 'கைதட்டல்' என்று போட வேண்டும். ஏதாவது கேட்காமல் போனால் அந்த இடத்தில் புள்ளிகள் வைத்து, ஏன் கேட்கவில்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும். கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறி டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்த காலத்தில், ஏதோ ஒரு ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்காரப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153-ஏ என்று ஒரு பிரிவு அப்போது இருந்தது. மதம், இனம், மொழி, சாதி என்று எதையாவது சொல்லி இரண்டு தரப்பு மக்களுக்குள் பகையை மூட்டுகிற பேச்சு அந்தப் பிரிவின்படி குற்றம். கொலை வழக்கென்றால் கத்தி கிடைக்கும். திருட்டு வழக்கென்றால் பொருள் கிடைக்கும். இந்த வழக்கில் பேச்சு காற்றோடு போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் ரிப்போர்ட்டரின் நோட்டுத்தான்.

கூட்டம் நடந்தது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். காமயகவுண்டன்பட்டி பஸ்ஸில் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போய் இறங்கினேன். சாயங்காலம் ஐந்தரை மணி. பேச வந்தவர் வெளியூர்க்காரர். முதல் அரைமணி நேரம் தண்ணீர், உரவிலை என்று பேசினார். நான் சாவகாசமாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் குரல் மாறியது. அந்த ஊர் முஸ்லிம்கள் பக்கம் திரும்பினார்.

"இவங்க மனுசங்க இல்ல. விஷப்பூச்சிங்க. இவங்க கடை வாசப்படியை நம்ம ஆளு ஒருத்தனும் மிதிக்கக் கூடாது."

கைதட்டல். அதையும் எழுதினேன். இன்னும் எழுதக் கூசுகிற சொற்கள் வந்தன, அவற்றையும் எழுதினேன். ஷார்ட்ஹேண்டில் அவையெல்லாம் சின்னச் சின்னக் கோடுகள்தான். ஆனாலும் கை வியர்த்துப் பென்சில் வழுக்கியது.

"ஊரை விட்டுப் போகலைன்னா, அவங்களை..." என்று அவர் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து மேடைக்குப் பக்கத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அவர் வாய் அசைந்தது தெரிந்தது. சொல் கேட்கவில்லை. கூட்டம் விசில் அடித்தது. நான் புள்ளிகளை வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

கூட்டம் கலைந்து போகும்போது பஜாரில் இரண்டு கடைகளின் போர்டுகளை யாரோ உடைத்தார்கள்.

2. ஐந்தெழுத்து

மறுநாள் காலையில் அந்த ஊர் ஸ்டேஷனிலேயே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். பதினோரு பக்கம் டைப் அடித்தேன். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே படித்தார். நல்ல மனிதர். முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பஜாரிலேயே நின்றவர். கண்கள் சிவந்திருந்தன. ஒன்பதாம் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"என்னம்மா இது, புள்ளி வச்சிருக்கீக?"

"வெடிச் சத்தம் சார். கேக்கல."

"வெட்டுங்கன்னு சொன்னான். ஊரே சொல்லுது. டீக்கடையில போயிக் கேளுங்க."

"எனக்குக் கேக்கல சார்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கேசுக்கு கவர்மெண்ட் அனுமதி வாங்கணும். அங்கன இருக்கிறவுக பேப்பரத்தான் பாப்பாக. ஒதைக்கணும் வெட்டணும்னு இருந்தா ஒடனே கையெழுத்தாகும். இல்லைன்னா கெடப்புல போட்ருவாக. நாளைக்கு இவன் அடுத்த ஊருல போயி இதையே பேசுவான். ஒரு வார்த்தைம்மா."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பேச்சை முழுக்கக் கேட்டவள் நான். ஓங்கிய அந்தக் கையைப் பார்த்தவள். 'வெட்டுங்க' என்றுதான் சொல்லியிருப்பார் என்று என் மனசும் சொன்னது. புதுத் தாளும் கார்பனும் வைத்து உருட்டி, ஒன்பதாம் பக்கத்தை மறுபடி அடித்தேன். புள்ளிகள் இருந்த இடத்தில் அந்தச் சொல்லை அடித்தேன். ஐந்தெழுத்து.

இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு நான் அதைச் செய்தேன்.

தாள் மெஷினில் இருக்கும்போதே காதர் பாய் உள்ளே வந்தார். பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருடையது. சுற்று வட்டாரத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். உடைந்த போர்டுகளில் ஒன்று அவருடையது. புகார் கொடுக்க வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல் நகமெல்லாம் வார்னிஷ் கறை.

இன்ஸ்பெக்டர் பேச்சின் முக்கியமான பகுதிகளை அவருக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பாய் தலையை ஆட்டினார். அந்த இடம் வந்ததும் இன்ஸ்பெக்டர் 'வெட்டுங்க' என்றே படித்தார்.

"இல்ல சார்," என்றார்.

"என்ன இல்ல?"

"வெட்டுங்கன்னு அவரு சொல்லல. எங்கடைக்கு மேலதான் ஒரு கொழாய் ஸ்பீக்கரக் கட்டியிருந்தாக. வெடிச்சத்தம் அங்கன அவ்வளவா வரல. நல்லாக் கேட்டுச்சு. 'ஒதுக்குங்க'ன்னாரு."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. "பாய், நான் ஒங்களுக்காகத்தான்யா பாடுபடுறேன்."

"தெரியும் சார். நீங்க நேத்து நிக்கலைன்னா கடையே போயிருக்கும். ஆனா எனக்காகன்னு பொய்யி வேணாம். அவரு சொன்னதே போதும். விஷப்பூச்சின்னது காதுக்குள்ளயே கெடக்கு. சொல்லாதத நாம சேத்தம்னா, அந்த ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு, சொன்னது அம்புட்டையும் பொய்யின்னுருவாக."

நான் தாளை மெஷினிலிருந்து உருவி, கார்பன் பிரதியோடு சேர்த்துக் கிழித்தேன். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. "பழையபடி புள்ளியே வைங்கம்மா," என்றார். பாய் கேட்ட சொல் பாயின் புகாரில் 'ஒதுக்குங்க' என்றே ஏறியது. என் நோட்டில் விடுபட்டது விடுபட்டதாகவே நின்றது.

3. கைதட்டியவர்

அனுமதி வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் இன்ஸ்பெக்டர் நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். விசாரணைக்கு வர மேலும் இரண்டு வருடம்.

கோர்ட்டு வராந்தாவில் எனக்கும் பாய்க்கும் நடுவில் வேலுச்சாமி என்று ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். அவரும் அரசுத் தரப்புச் சாட்சி. பேச்சாளரின் ஆட்கள் எதிரே நின்று அவரை முறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாய்தான் கதையைச் சொன்னார். கூட்டம் நடந்த மறுநாளே வேலுச்சாமி கடைக்கு வந்து, பாதி காயில் கட்டிய தன் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். நாலாம் நாள் அதே வண்டியில் திரும்பக் கொண்டு வந்து இறக்கினாராம்.

"வாழ காயுது பாய், கட்டிக் குடுங்கன்னாரு. கட்டிக் குடுத்தேன்."

வேலுச்சாமி என் பக்கம் திரும்பினார். "வாழைக்காக மட்டுமில்ல தாயி. எங்கப்பா காலத்துல இருந்து அங்கனதான் மோட்டாரு குடுக்குறோம். நானும் கூட்டத்துல நின்னு கை தட்டுனவன்தான். ஏன் தட்டுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பக்கத்துல தட்டுனாக, தட்டுனேன்."

சாட்சிக் கூண்டிலும் அதையே சொன்னார். "அந்தப் பேச்சக் கேட்டு மறுநாள் நான் பாய் கடையில இருந்து மோட்டார எடுத்துட்டுப் போனேன் அய்யா. அதுவரைக்கும் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் கெடையாது." பேச்சு பகையை மூட்டியது என்பதற்கு அதைவிட நேரான சாட்சியை அதற்கப்புறம் நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. எதிரே அத்தனை பேர் நிற்கும்போது, தன் தப்பைத் தானே சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

4. கேசட்

எதிர்த்தரப்பு வக்கீல் என்னை ஒரு மணி நேரம் கூண்டில் நிறுத்தினார்.

"ஒன்பதாம் பக்கத்துல புள்ளி வச்சிருக்கீங்களே, ஏன்?"

"வெடிச் சத்தத்துல கேக்கல."

"கேக்கலையா, இல்ல மறைச்சீங்களா? என் கட்சிக்காரர் அங்க 'ஒதுக்குங்க'ன்னு சாதாரணமாத்தான் சொன்னார். அது வெளிய வந்தா கேஸ் நிக்காதுன்னு போலீஸ் சொல்லி நீங்க விட்டுட்டீங்க."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மைக்செட் போட்டவர் அன்றைக்கு மெஷினிலிருந்தே பதிவு செய்து வைத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். நான் கிழித்துப் போட்ட அந்தத் தாள் ஃபைலில் இருந்திருந்தால், அந்த நிமிடத்தோடு நானும் போயிருப்பேன், வழக்கும் போயிருக்கும்.

அரசு வக்கீல் எழுந்து பாயின் புகாரை எடுத்து நீட்டினார். கூட்டம் நடந்த மறுநாளே, புகார் கொடுத்தவரே, 'ஒதுக்குங்க' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். மாஜிஸ்திரேட் புகாரைப் படித்தார். அப்புறம் கேசட்டைக் காட்டி, "இதுல அந்த ஒரு வார்த்தை மட்டும் போதாது. முழுசாப் போடுங்க," என்றார்.

முழுசாகப் போட்டார்கள். என் பதினோரு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விஷப்பூச்சி இருந்தது. வாசப்படி இருந்தது. கைதட்டல் இருந்தது. எதுவும் கூடவில்லை. நான் புள்ளி வைத்த இடத்தில் கேசட்டில் 'ஒதுக்குங்க' என்று கேட்டது. அந்த ஒரு சொல்லைத் தவிர எதுவும் குறையவும் இல்லை.

குற்றம் நிரூபணமானது. ஆறு மாதத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு மாறவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் பக்கம் மேடை ஏறவில்லை.

தீர்ப்பு வந்த அன்று பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். நீங்கள் உள்ளே வருவதற்கு முன்னாலேயே அந்தச் சொல்லை நான் அடித்துவிட்டேன் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "நீங்க அடிச்சத நான் பாக்கல தாயி. கிழிச்சதத்தான் பாத்தேன்."

அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எல்லாத் தரப்புப் பேச்சையும் எழுதியிருக்கிறேன். எல்லாத் தரப்பிலும் நல்லவர்கள் பேசினார்கள், எல்லாத் தரப்பிலும் விஷம் பேசியவர்களும் இருந்தார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெறுப்பைப் பேசுகிறவர் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அது தப்பில்லை. ஆனால் அந்தக் கோபம் பென்சிலுக்குள் இறங்கக் கூடாது. அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுதுங்கள். புண்பட்டவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுதான். இதை எனக்குப் புண்பட்ட மனிதரே சொல்லிக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.