றோசாலி விட்ட கடைசி எண்

8.1. மூன்று வருடங்களாக றோசாலி கணினியில் பதிந்த எண் பெரும்பாலும் இதுதான். பொத்துவில் கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு அது. எண் இறங்கினால் அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம்.

றோசாலிக்கு வயது முப்பத்தெட்டு. மலையில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தபடியே வேலை. பொத்துவிலில் மீனவர் பஸீல் வாராவாரம் கருவியைக் கடலில் இறக்கி, அது காட்டும் எண்ணைத் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புவார். றோசாலி பதிவார். பதிந்ததும் போனில் இடம் வேண்டுமே என்று படத்தை அழித்துவிடுவார்.

இதற்கு முன் எட்டு வருடம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதியவர். அங்கே பதினெட்டு கிலோ எழுநூறு கிராம் என்றால் பதினெட்டுதான். மிச்சத்தை யாரும் எழுதியதில்லை.

போன திங்கட்கிழமை, ஆய்வை நடத்தும் பல்கலைக்கழகத்திலிருந்து கம்சலா பேசினார். அந்தக் கடலில் மாற்றமே இல்லை என்று அறிக்கை எழுதி முடித்தவர், அனுப்பும் முன் பஸீலைப் பார்க்கப் போயிருக்கிறார். பஸீலின் அந்த வாரத் தாளில் 8.11 என்று இருந்தது.

"அக்கா, கடைசி எண் எங்க?"

"அது சின்னதுதானே மிஸ். விட்டுட்டேன்."

கம்சலா விளக்கினார். கடல் மாறுவதே அந்தச் சின்ன எண்ணில்தானாம். 8.18 இருந்த இடத்தில் 8.11 வந்தால் அமிலம் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. சிப்பி ஓடு கட்டவே திணறும். இரண்டையும் றோசாலி 8.1 என்றே பதிந்திருப்பார்.

போனை வைத்தும் றோசாலி எழுந்திருக்கவில்லை. அம்மாவின் பெயர் அஞ்சலின்; முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். விஷயத்தைக் கேட்டு முடித்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க கொழுந்துல வெட்டுனது பத்தாதுன்னு கடல்லயும் வெட்டிட்டியாடி."

அந்த எட்டு வருடமும் அம்மாவின் பெயருக்கு நேரே எடை எழுதியதும் றோசாலிதான்.

பஸீலுக்குப் போன் போட்டார். முதல் வருடத் தாள்கள் படகுக் கொட்டிலில் கிடந்து வெள்ளத்தோடு போய்விட்டன. படம் இருந்த அவருடைய பழைய போனும் கடலில் விழுந்துவிட்டதாம். மற்ற இரண்டு வருடத் தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அதில் மிகப் பழைய தாளை றோசாலி வாசிக்கச் சொன்னார். 8.17.

பஸீலைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அதேதான்.

கம்சலா அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார். முதல் வருடம் வெறுமையாகவே இருக்கும். வியாழக்கிழமை றோசாலி பஸ் ஏறிப் பொத்துவிலுக்குப் போகிறார், டின்னை எடுத்துவர.