பொருந்தியது என்றே சொல்லுங்கள்

என் கணவன் என் இடது கையை முறித்த அன்று கொழிஞ்சாம்பாறையில் இருந்த பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தேன். அண்ணன் என்னை உள்ளேயே விடவில்லை. "கட்டிக்குடுத்தாச்சு. இனி அதான் உன்ற ஊடு" என்று சொல்லி, பொள்ளாச்சி பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்து, அந்த ஆளின் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அம்மா வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் அடிதான். கை ஒருவழியாகக் கூடியதும், மலைக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணோடு சக்குபள்ளம் வந்து ஏலத்தோட்டத்தில் சேர்ந்துகொண்டேன். அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

எழுபதுகளின் நடுவில் அண்ணன், தோட்டத்தில் நான் குடியிருந்த லயத்து வீட்டைத் தேடி வந்தான். முகம் உப்பியிருந்தது. கூட அம்மா.

"ரெண்டு கிட்னியும் போச்சு புள்ளே. கூடப்பொறந்தவங்க ஒண்ணு குடுத்தா வெச்சுப் பொழைக்க வெக்கறாங்களாம். எனக்கு உன்னை உட்டா யாரு இருக்கா?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வரேனுங்கண்ணா" என்றேன்.

கொடுக்கும் எண்ணம் அப்போதே எனக்கு இல்லை. அவன் நம்ப வேண்டும், அதற்காகத்தான் போனேன். ரயிலேறிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்கெல்லாம் கை நீட்டினேன். அண்ணன் எனக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தான். வாங்கித் தின்றேன்.

பொருந்துகிறது என்று முடிவு வந்ததும், டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க மனசார குடுக்கறீங்களாம்மா? இல்ல, யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

"குடுக்க மாட்டேனுங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. "சரி. பொருந்தலைன்னு நாங்களே சொல்லிடறோம். வீட்ல யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

இப்படி எத்தனையோ பெண்களை அவர் காப்பாற்றியிருப்பார். ஆனால் அந்தப் பொய் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"அப்படிச் சொல்லிப்போடாதீங்க. பொருந்துச்சுன்னே சொல்லுங்க. மாட்டேங்கறதை நானே சொல்லிக்கறேன்."

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். எதிரில் போய் நின்றேன்.

"பொருந்துதாமுங்கண்ணா. ஆனா தர மாட்டேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் செத்துப்போயிருவேன் புள்ளே" என்றான்.

"தெரியுமுங்க. அன்னிக்கு முறிஞ்ச கையோட என்னைக் கொண்டுபோய் உட்டீங்களே, நான் செத்துப்போவேன்னு உங்களுக்கும் தெரியும்."

இந்தக் கையால் அவனைத் தள்ளிவிட்டது போல உடம்பெல்லாம் சூடாக இருந்தது. தனியாகவே ரயிலேறி ஊர் திரும்பினேன்.

வயதைச் சொல்லி டாக்டர்கள் தயங்கியும், அம்மா அடம்பிடித்துத் தன்னுடையதைக் கொடுத்தாள். இருவருமே பிழைத்தார்கள். கிழவி உடம்பைக் கிழிக்க வைத்தவள் நான்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். அன்று எனக்காகத் திறக்காத அம்மாவின் வாய் அவனுக்காகத் திறந்தது என்பதுதான் என்னை எரித்தது. அவன் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. செத்திருந்தால் ஒரே நாளில் மறந்திருப்பான். தங்கை தர மறுத்தாள் என்பதை நினைத்துக்கொண்டே அவன் மாத்திரை விழுங்கட்டும்.

உடம்பு தேறியபின் அம்மா ஒருமுறை தனியாக வந்தாள். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு, "அண்ணன் உன்னைப் பாக்கோணும்கறான் கண்ணு" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டேன்.