மறுபடியும் தகரம்

லவோனா டில்லி படகின் பின்மூலையில் கையை விட்டு, தண்ணீர் வடியும் துளையில் அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று மறுபடியும் திருகிப் பார்க்கிறாள். இப்போதுதான் பார்த்தாள். படகு இறக்கும் துறையில், வரிசையில் பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் இன்னொரு தடவை பார்ப்பாள். அடைப்பானைப் போட மறந்து படகை இறக்கிவிட்டு, நடு ஆற்றில் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. "மழைத் தண்ணிங்க" என்பார்கள்.

வயது அறுபதுக்கு மேல். தோள்கள் மட்டும் இன்னும் நாற்பதிலேயே நிற்கின்றன. குளிர்காலத்தில் கோட்டின் இரண்டு பைகளிலும் தாளில் சுற்றிய சுட்ட உருளைக்கிழங்கு இருக்கும். காலையில் அது கை காய, மத்தியானம் வயிறு நிறைய. துடுப்புப் போடும்போது மனிதர்களோடு பேச மாட்டாள், பாறைகளோடு பேசுவாள். "நகருடா, உன்னைத் தெரியும் எனக்கு" என்று அவள் சொன்னதைத் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்த வாடிக்கையாளர்கள் உண்டு. படகில் நாய் ஏறக்கூடாது, பாட்டுப் பெட்டி ஏறக்கூடாது, வாழைப்பழம் ஏறவே கூடாது. வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்பது இந்த ஆற்றில் வேதவாக்கு.

நான் வண்டி மாற்றுகிறவள். அல்டர் ஆற்றின் மேல்பகுதியில் படகை இறக்கிவிட்டுப் போகிறவர்களின் வண்டியைக் கீழே அவர்கள் கரையேறும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என் பிழைப்பு. சாவியைப் பெட்ரோல் மூடிக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். ஓரிகன் மாநிலத்துக் கடற்கரைப் பக்கத்தில் எந்த ஆற்றிலும் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள். யார் எந்தப் படகு, யார் எந்தப் பொய் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. முன்னும் பின்னும் தூக்கிய உடம்பு, நடுவில், லவோனாவைப் போல, காசுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற ஒரு கைடு, இரண்டு துடுப்பு. கைடு போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராக இழுப்பார். ஆறு தானாகவே படகைக் கொண்டுபோய்விடும். அது ஓடிவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். இதில் ஃபைபர் படகு நல்லதா, அலுமினியப் படகு நல்லதா என்ற வழக்கு டெல்பர்ட்டின் தூண்டில் கடையில் காபிப் பானைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நாளாக நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை.

அலுமினியத்தைக் கூழாங்கல்லில் இழுக்கலாம், மழையில் போட்டுவைக்கலாம், நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் ஒரு கரண்டி கீழே விழுந்தால் அடுத்த வளைவில் இருக்கும் மீனுக்குக் கேட்கும். குளிர் பாதத்தில் ஏறும். பாறையில் உரசினால் அலுமினியம் அங்கேயே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ஃபைபர் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதில் சத்தம் இல்லை, குளிர் இல்லை. கூரான கல்லில் ஓரம் பட்டுக் கீறினால் மட்டும் பசை ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காயும்வரை கொட்டகையில் கிடத்த வேண்டும். ஃபைபர்காரர்கள் அலுமினியத்தைத் தகர டப்பா என்பார்கள். அலுமினியக்காரர்கள் ஃபைபரைக் குளிக்கிற தொட்டி என்பார்கள்.

லவோனா பிறந்ததிலிருந்து தகரக் கட்சி. "எனக்கு வாச்ச ரெண்டு புருஷனும் ஃபைபர்டி. பாக்க வழுவழுன்னு இருப்பானுங்க, லேசா ஒரு அடி பட்டா விரிசல்" என்பாள் என்னிடம். இரண்டாவது புருஷன் இதைக் கடையில் நின்று கேட்டுக்கொண்டே காபி குடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

போன ஜனவரியில் அந்தத் தகரப் படகு போயிற்று.

அன்று அவள் ஏற்றியிருந்தது வின்ஸ்லோ பெர்ரிமனையும் அவர் மைத்துனரையும். வின்ஸ்லோ போர்ட்லண்டில் கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருட வாடிக்கை. கிறிஸ்துமஸுக்கு லவோனாவுக்குப் பன்றித் தொடை அனுப்புகிறவர். நல்ல மனிதர். அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ஆற்றின் நடுவில் பிரசங்கிப் பாறை என்று ஒன்று உண்டு. அதைக் கடக்கும்போது கடவுளே இல்லை என்கிறவனும் ஜெபம் சொல்லுவான் என்பதால் அந்தப் பெயர். சாலை அந்த இடத்தில் ஆற்றை ஒட்டி வருகிறது. நான் வண்டியை ஓரங்கட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பாறைக்கு வெகு முன்னாலேயே லவோனா, "இப்ப உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்று கத்தியது சாலைவரை கேட்டது. வின்ஸ்லோ உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தூண்டில் வளைந்தது. ஸ்டீல்ஹெட் மீன், கடலிலிருந்து ஏறி வந்த பெரிசு. மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. லவோனாவின் வலது துடுப்பு தண்ணீரை விட்டுக் காற்றில் வீசியது. அடுத்த இழுப்புக்குள் அவர் பின்னால் மல்லாந்து துடுப்பின் பிடிமேல் விழுந்தார். படகு குறுக்கே திரும்பிப் பாறையில் போய் ஒட்டியது. மேலிருந்து வந்த தண்ணீர் உள்ளே ஏறியதும் ஈர அட்டையைப் போல மடங்கியது. ஃபைபராக இருந்தால் இரண்டாகப் பிளந்திருக்கும். மரமாக இருந்தால் விறகாகியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மைத்துனருக்கு நான் கயிறு வீசினேன். வின்ஸ்லோவை லவோனா சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள். அவருக்கு நஷ்டம் ஒரு தொப்பி. நடுங்கிக்கொண்டே, "என்ன லவோனா ஆச்சு?" என்று கேட்டார்.

"கல்லுல பட்டுச்சுங்க" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. வின்ஸ்லோ பொய் சொல்லவில்லை. படகு பாறையில் சிக்கி நின்றதாகவும், நின்ற வேகத்தில் தான் எழும்பிவிட்டதாகவும்தான் அவர் மனதார நம்புகிறார். பின்னது முன்னதாகிவிட்டது. கடையில் உட்கார்ந்து, "அவங்களக் குத்தம் சொல்லவே மாட்டேன். என் உயிரக் காப்பாத்தின மனுஷி. அந்த அலுமினியம் கல்லப் புடிச்சிடுச்சு, விடவே இல்ல. இனிமே ஃபைபர்தான்யா" என்று எல்லோரிடமும் சொன்னார். காபிப் பானையைச் சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டெல்பர்ட் தூண்டில் மட்டும் விற்கவில்லை, ஃபைபர் படகும் விற்கிறான். ஆற்றிலிருந்து சங்கிலி போட்டு இழுத்த அந்த மடங்கிய படகைப் படம் பிடித்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினான். அதற்கு நேர் கீழே பளபளவென்று புது ஃபைபர் படகு. படத்தில் ஒரு சீட்டு: "இது உங்களுக்கு நேராமலிருக்க". இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். இன்னொன்று மாட்டினான். அதையும் கிழித்தேன். அடுத்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டான்.

"நான் பாத்தேன்யா, அந்தாளு எந்திரிச்சாரு" என்று அதே கடையில் சொன்னேன். டெல்பர்ட் நிதானமாகக் கேட்டான்: "லவோனா அப்படிச் சொல்லுச்சா?"

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். காசு கொடுத்து ஏறியவர் மீனைத் தவறவிட்டாலும், தூண்டிலை முறித்தாலும், கைடின் மண்டையில் கொக்கியை மாட்டினாலும், தப்பு காற்றின்மேல், தண்ணீரின்மேல், நேற்றுப் பெய்த மழையின்மேல் போகும், அவர்மேல் போகாது. இது எங்கள் ஆற்றுக் கைடுகள் எல்லோரும் காக்கிற வழக்கம். யார் எழுதி வைத்தார்களோ, அவர்கள் கையில் கொள்ளி வைக்க.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, "புதுப் படகு வாங்கினதும் சொல்லுங்க" என்றார்கள். என்ன படகு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அப்போதுதான் டெல்பர்ட் ஒரு யோசனையோடு வந்தான். அந்தப் புது ஃபைபர் படகை வாங்கின விலைக்கே லவோனாவுக்குத் தருவானாம், தவணையில். அவள் அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதுமாம். பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவானாம்.

என் வண்டியில் உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது, நான் பொறுமை இழந்தேன்.

"ஒண்ணு, நடந்ததச் சொல்லு. இல்ல, அந்தத் தொட்டிய வாங்கித் தொலை. ரெண்டும் இல்லாம எத்தன நாளைக்குடி வாயில கொழுக்கட்டைய வச்சிட்டிருப்பே?"

"சொன்னா, ஏறுனவன் மேல பழி போட்டவள்னு பேரு. அப்புறம் எவன் ஏறுவான்?"

"அப்ப வாங்கு."

"வாங்குனா, அந்தப் படகுதான் செஞ்சுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி." வண்டியின் கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஒண்ணும் செய்யலடி. இத்தன வருஷத்துல ஒரு நாளும் ஒண்ணும் செய்யல."

"மறுபடியும் தகரத்த வாங்கினா என்ன பேசுவானுங்க தெரியுமில்ல? படகுல தப்பில்லன்னா துடுப்புலதான் தப்புன்னு. வயசாச்சு, கை போச்சுன்னு."

"தெரியும்."

"உன் பொழப்புடி இது."

"தெரியும்னு சொன்னேனே."

செப்டம்பரில், தண்ணீர் வற்றிக் கல்லெல்லாம் தலை காட்டும் சமயத்தில், அந்த ஃபைபர் படகை அவள் ஒருநாள் ஓட்டிப் பார்த்தாள். நான்தான் வண்டி மாற்றினேன். கரையேறியதும் ரொம்ப நேரம் அதன் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே நின்றாள். குறை சொல்லுவாள், சேர்ந்து திட்டலாம் என்று நான் ஆவலாக இருந்தேன்.

"நல்ல படகுடி" என்றாள். "அந்த ஆழமில்லாத எடத்துல எப்பவும் முட்டுவேனே, சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. தோளே வலிக்கல. போன ரெண்டு குளுருலயும் கால் வெரல் மரத்துக் கெடந்துச்சு. இதுல அதுவும் இருக்காது."

"அப்புறம் என்ன?"

"அந்தப் படம் தொங்கலன்னா இதையேதான் வாங்கியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். ஒரு பெண்பிள்ளை தன் கால் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு படகு வாங்க முடியவில்லை. எதை வாங்கினாலும் அது வாக்குமூலம். அந்த டாக்டருக்கு இந்தத் தொல்லை உண்டா? டெல்பர்ட்டுக்கு உண்டா?

நவம்பரில் மலைக்கு அந்தப்புறம் ஓர் ஊருக்குப் போய், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தாள். அலுமினியம். கடையில் அன்று காபி இரண்டு தடவை தீர்ந்ததாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இவர்களுக்கு, கூடம் கோணல் இல்லை என்று ஒருத்தி சொன்னால், அவளுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று அர்த்தம். நேற்று மீசை முளைத்த கைடு ஒருவன், "பெரிசுக்குக் கை நடுங்குது போல" என்றான். அவன் வண்டியை இப்போதெல்லாம் நான் மாற்றுவதில்லை. இரண்டு மைல் நடந்து போய் எடுத்துக்கொள்கிறான்.

டிசம்பரில் நல்ல மழை பெய்து ஆறு பச்சை நிறத்துக்குத் தெளிந்த முதல் சனிக்கிழமை, இறக்குதுறையில் ஊரே நின்றது. டெல்பர்ட் தன் ஃபைபர் படகோடு முன்னால் நின்றான். மீசைக்காரனும் இருந்தான். லவோனாவுக்கு அன்று ஏறுகிறவர் வின்ஸ்லோ. அவள் எந்தப் படகு வாங்கினாலும் அவள் படகில்தான் ஏறுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னேனே, நல்ல மனிதர்.

வந்தவர் படகைக் கண்டதும் நின்றார். விரல் கணுவால் தட்டினார். டங் என்றது.

"என்னம்மா லவோனா, மறுபடியும் தகரமா? அந்தப் பாறைகிட்டப் பட்டது போதாதா? உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. இது மேலதான் இல்ல."

துறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டெல்பர்ட் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். லவோனா படகை முழங்கால் தண்ணீருக்கு இறக்கி, அவர் ஏறக் கை கொடுத்தாள். அவர் முன்னிருக்கைக்குப் போய், உட்காராமல் நின்றபடியே துறையைப் பார்த்துத் திரும்பி, ஜனவரிக் கதையை மீசைக்காரனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "அப்படியே கல்லப் புடிச்சிடுச்சுப்பா, அந்த வேகத்துல நான்..."

லவோனா கயிற்றைப் படகுக்குள் போட்டாள். தண்ணீரில் படகை ஒட்டியே நடந்து முன்னால் போனாள். ஈரம் சொட்டும் கையை அவர் தோள்மேல் வைத்து, மெதுவாக, கீழ்நோக்கி அழுத்தினாள். அவர் பேசிக்கொண்டே பாதி குனிந்தார். அவள் இன்னும் அழுத்தினாள். அவர் இருக்கையில் உட்கார்ந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. துறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் தோளைப் பார்த்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் கையை உடனே எடுத்துவிடவில்லை.