மாடிப் புறாக்கள்

கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த வருடமே எனக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. லால்குடியில் அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். திரும்பி வந்தால் மறுபடி இருமல், காய்ச்சல். "வேலை செய்யக் கசக்குது, நடிக்கிறா" என்றார் மாமியார்.

ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர்தான் கேட்டார். "அம்மா வீட்ல இல்லாதது இங்க என்னம்மா இருக்கு?"

"புறா" என்றார் என் கணவர் மெல்ல. மாடியில் அவர் உயிராக வளர்த்தவை. கூண்டைச் சுத்தம் செய்வது என் வேலை.

"அந்த எச்சத்தோட தூசியை இவங்க உடம்பு எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுது, பாய். அதுலதான் நுரையீரல் வீங்குது. இவங்க நடிக்கலை."

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கணவர் புறாக்களை மணப்பாறையில் ஒரு நண்பரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார். அவர் வருவதற்குள் அவை மாடிக்கு வந்துவிட்டன. மறுபடியும் கொண்டுபோய் விட்டார், மறுபடியும் வந்தன.

"அதுங்க போகாது. நாம போயிடலாம், வா" என்றார் களைத்துப்போய்.

உறையூரில் வாடகை வீடு பார்த்தோம். என் மூச்சு மெல்லச் சீரானது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் தன் அம்மா வீட்டு மாடிக்குப் போய்ப் புறாக்களைப் பார்த்து வருவார். திரும்பியதும் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டு, குளித்த பிறகே என் பக்கத்தில் உட்காருவார். எனக்காக விட்டுக்கொடுத்ததை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.