சார்ஜென்ட் வீட்டுக் கையுறை

அந்தத் தோல் கையுறையை நான் ஒரே ஒரு முறைதான் தொட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அப்படியில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில், மியூனிக்குக்குப் பக்கத்திலிருக்கும் கார்ஹிங்கில் இருந்தோம். அப்பா அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். கீழ்வீட்டில் ஓர் அமெரிக்க சார்ஜென்ட் குடும்பம். அவர் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டியில் அமெரிக்கப் படைமுகாமின் ஒளிபரப்பு தெரியும். எங்கள் ஜெர்மன் பெட்டியில் அதே இடத்தில் வெறும் புள்ளிகளும் இரைச்சலும்தான்.

ஞாயிறு பிற்பகல்களில் அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி போடுவார்கள். நான்கு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரபலமான ஒருவர் வந்து பலகையில் தன் பெயரை எழுதுவார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, அவர்களுடைய கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்வார். அவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். நடிகை வந்தால் சார்ஜென்ட் காபி போடப் போய்விடுவார். பழைய பேஸ்பால் வீரர் வந்தாலோ மாமியார் வந்ததுபோல் எழுந்து நிற்பார்.

அந்த வீரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். சார்ஜென்டின் மகள் என் வயதுக்காரி. அவளிடம் சூயிங்கம் பொட்டலத்தோடு வரும் வீரர்களின் அட்டைகள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்தன. அவள் படங்களைப் பார்ப்பாள், நான் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிப்பேன். எனக்கு ஆங்கிலம் வந்ததே அப்படித்தான். யார் இடதுகைக்காரர், யார் எந்த ஊர், யார் குளிர்காலத்தில் வேறு என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் மனப்பாடம்.

இன்னொன்றும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அது அம்மா சொல்லிக்கொடுத்தது. யார் எதைக் கொடுத்தாலும் உடனே கை நீட்டக் கூடாது. "ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு. மூணாவது தடவை வாங்கிக்கோ. இல்லேன்னா காணாததைக் கண்ட மாதிரி இருக்கும்." மியூனிக்கில் இருந்த நம் ஊர் மாணவர்கள் வீட்டில் இது நன்றாகவே வேலை செய்தது. மூன்றாவது தடவை முறுக்கு கைக்கு வந்துவிடும். ஆனால் அப்பாவின் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் வீட்டு விருந்தில் அப்பா கேக் வேண்டாம் என்றதும் தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. அப்பா பசியோடு வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டார். "ஒரு தடவைக்கு மேல கேக்கத் தெரியல பாரு இவங்களுக்கு" என்று அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள். என் கோபத்துக்கு இதுதான் காரணம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை மாற்றவில்லை.

ஒரு ஞாயிறு, அன்றைக்கு வரப்போவது ஒரு பேஸ்பால் வீரர் என்று முகாம் பத்திரிகையில் போட்டிருந்தது. சார்ஜென்ட் கட்டடத்துப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டார். தான் பள்ளியில் பேஸ்பால் விளையாடியபோது பந்து பிடிக்கப் போட்டுக்கொண்ட தோல் கையுறையை மேசைமேல் வைத்தார். தொலைக்காட்சியில் இருக்கும் நால்வருக்கும் முன்னால் யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர்களுக்கு அது என்றார். பல மாதங்களாக நான் ஏங்கிக்கொண்டிருந்த கையுறை அது. ஒரு முறை விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தேன். எண்ணெய் மணந்தது.

பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். பாத்திரம் துடைக்கும் துணிகளால் சார்ஜென்டின் மனைவி எங்கள் கண்களைக் கட்டினார். கைத்தட்டல் வெகுநேரம் கேட்டது. பிறகு கீச்சுக்குரலில் ஓர் ஆமாம். விளையாட்டு வீரரா? ஆமாம். ஓய்வு பெற்றவரா? ஆமாம். சாப்பிடும் பொருள் எதையாவது விற்றதுண்டா என்று ஒரு பெண்மணி கேட்டார். அரங்கம் சிரித்தது. கீச்சுக்குரல் கொஞ்சம் தயங்கி ஆமாம் என்றது.

நான் படித்த அட்டைகளில், குளிர்காலத்தில் தன் அண்ணனின் இறைச்சிக்கடையில் நின்றவர் ஒரே ஒருவர்தான். நான் கத்தினேன். வகுப்பில் பெயரைக் கேட்டால்கூட முணுமுணுக்கிற நான், அந்தப் பெயரை வீடு அதிரச் சொன்னேன்.

சார்ஜென்ட் என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு கையுறையை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

வேண்டாம் என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்டார். இது இரண்டாவது தடவை. வேண்டாம், நன்றி என்றேன். இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

அவர் தலையசைத்தார். சரி என்றார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரின் மகன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையுறையை அவனிடம் நீட்டினார். அவன் ஒரே பிடியில் வாங்கிக்கொண்டு ஓடினான். அன்று மாலையே முற்றத்தில் கால்பந்துக்கு கோல்கீப்பராக நின்றான், என் கையுறையோடு. இரவில் மழை பெய்தது. அது பெஞ்சிலேயே கிடந்தது.

மாடிக்கு ஓடிப்போய் அழுதேன். அம்மா சொன்னதைத்தான் செய்தேன் என்று கத்தினேன்.

"எடம் பாத்து நடந்துக்க வேண்டாமா? எனக்கென்னடி தெரியும், அவன் இப்படிப் பண்ணுவான்னு?" என்றாள் அம்மா.

அப்பா தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க போய்க் கேளுங்கப்பா. நான்தான் ஜெயிச்சேன்."

"நாமளா போய்க் கேக்கறதா? அது நல்லா இருக்காதும்மா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

அப்பாவோடு இரண்டு வாரம் நான் பேசவில்லை. மகள் அழும்போது தொலைபேசியை வெறித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் என்ன பேச்சு என்று இருந்தது.

கையுறை போன அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பேராசிரியர் அப்பாவை அழைத்து, இன்னும் இரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருக்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார். உங்களுக்கு எதற்குச் சிரமம், வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது இதை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்துதான் இருந்தது. "மறுபடி கேப்பார்" என்றார். அம்மாவும் கேட்பார் என்றாள். நான் ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஆய்வுக்கூடத்தில் அப்பாவின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நாங்கள் பெட்டி கட்டினோம். கிளம்புகிற அன்று சார்ஜென்ட் வாசல்வரை வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அப்பாவும் கொடுத்தார். நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அந்த வாசலில் என்னைவிடக் கோபமாக இருக்க யாருக்கும் காரணம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.