வியாகுல மாதாவின் முகம்

மண்ணெண்ணெய் கலந்த அச்சு மையின் நெடி எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும். திருமானூருக்குப் பக்கத்தில் கொள்ளிடக்கரை ஊர் எங்களுடையது. அப்பா தச்சர். மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் பூவரசம் பலகையில் படம் செதுக்கி, ரோலரால் மை தடவி, தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து, வீட்டுக்கு ஒன்றாக அச்செடுத்துக் கொடுப்பார். அந்தப் பலகைக்கு எங்கள் வீட்டில் 'அச்சுக்கட்டை' என்று பெயர்.

எனக்கு ஒன்பது வயதில் தம்பி காய்ச்சலில் இறந்தான். அம்மா ஒரு பகல் முழுக்க அவனை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து, அரியலூர் பஸ் வருவதற்குள் அவளும் போய்விட்டாள்.

அந்த வருஷம் திருவிழாக் கமிட்டி, இறந்த மகனை மடியில் கிடத்தி அழும் வியாகுல மாதா படம் கேட்டது. அப்பா ஒரு மாதம் உட்கார்ந்து செதுக்கினார். முதல் தாளை உரித்தபோது அதிலிருந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது புருவத்தில் அரிவாள் பட்ட தழும்புகூட அப்படியே இருந்தது. அச்சில் வலம் இடமாக மாறும் என்பதால் அதைக் கட்டையில் மாற்றிச் செதுக்கியிருந்தார்; தற்செயலாக வந்த சாயல் என்று அவரால் சொல்லவே முடியாது.

கமிட்டித் தலைவரின் வயலில்தான் அம்மா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

"எங்க வயல்ல நாத்து நட்டவள நாங்க கும்புடணுமாடா?"

"அழுவுற முகம் கேட்டீங்க. நான் பாத்த அழுவுற முகம் இது ஒண்ணுதாங்க" என்றார் அப்பா.

அச்செடுத்த தாள்களையெல்லாம் கோயில் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, கட்டையில் முகத்தை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வேறு மரத்துண்டைப் பதித்து, காலண்டர் மாதாவின் முகத்தைச் செதுக்கினார். அறுத்த துண்டை எனக்குக் கொடு என்று கையை நீட்டினேன்.

"வேணாம்மா. இதையும் தேடிக்கிட்டு வூட்டுக்கு வந்துடுவாங்க."

அடுப்பில் செருகினார். அன்றைய சோறு அதில்தான் வெந்தது.

திருவிழாவன்று புது முகத்தோடு அச்செடுத்த படத்தின் முன்னால் ஊரே மண்டியிட்டது, அப்பாவும்தான். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. கோயிலை இடித்து, டைல்ஸ் பதித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அம்மாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. போன மாதம் என் மகள், "அம்மாயி பாக்க எப்படிம்மா இருப்பாங்க?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். முகம் வரவில்லை.