வேகமெடுத்தால் ஏறும் முள்

சித்திரை வெயிலில்கூட ராஜமாணிக்கம் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். பத்தொன்பது வயதில் லாரி கிளீனராக இருந்தபோது, வேப்பூர் தாண்டிக் கொதித்து நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்துவிட்டார். பீறிட்ட வெந்நீர் கழுத்திலிருந்து மார்பு வரை தோலை உரித்துவிட்டது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு டிரைவரானார், கல்யாணம் கட்டினார், இரண்டு பெண்களுக்குத் தகப்பனானார். ஆனால் ரேடியேட்டர் மூடியை மட்டும் மறுபடி தொட்டதில்லை. விடிந்ததும், வண்டி சில்லென்று இருக்கும்போது, அவர் மனைவி ஆதிலட்சுமிதான் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவாள்.

2004இல் அவரிடம் இருந்தது பதினைந்து வருஷத்துப் பழைய வேன். கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பதினாலு பெண்களை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு அதில் ஏற்றிப்போவார். அச்சுகளில் களிமண் கரைசல் ஊற்றும் ஆதிலட்சுமியும் அந்தப் பதினாலில் ஒருத்தி. அந்த வேனில் எஞ்சின் இருந்ததே உள்ளேதான். டிரைவருக்குப் பக்கத்தில், ஒரு தகர மூடிக்கு அடியில். அந்த மூடியை ஒட்டிய சீட்டு பூங்கோதையுடையது. ஏழு மாதக் கர்ப்பிணி. பின்னால் குலுங்கும் என்று அங்கே உட்காருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதி வழியில், தகர மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

"அண்ணே, காலு சுடுதுண்ணே!" என்று பூங்கோதை கத்தினாள்.

ராஜமாணிக்கம் வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினார். "யாரும் மூடியத் தொடாதீங்க! எறங்குங்க, எல்லாரும் தூரப் போங்க!" என்று அலறினார். பெண்கள் குதித்து இறங்கினார்கள். ஆதிலட்சுமி பூங்கோதையைத் தாங்கி இறக்கினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் இறங்கிய பின்னும் அவர் மட்டும் சீட்டிலேயே இருந்தார்.

டவுனில் மெக்கானிக் ஜெயராஜ் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். ஷெட்டிலேயே அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. நீங்கதான் ரொம்பப் பயப்படறீங்க."

மறுநாள் ரோட்டில் ஏறியதும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்ந்தது. அவர் பதறி வேகத்தைக் குறைத்தார். முள் மெல்ல இறங்கியது. வேகமெடுத்தால் ஏறியது. பூங்கோதையைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாட்டுவண்டிபோல ஊர்ந்தார். அந்தத் தகர மூடிக்கு அடியில் ஏதோ ஒன்று தனக்காகவே காத்திருப்பதாகத் தோன்றியது.

ஆனால் பயம்தான் அவரை யோசிக்கவும் வைத்தது. வேகமாகப் போனால் காற்று அதிகம் படும்; வண்டி குளிரத்தானே வேண்டும்? ஏன் சூடாகிறது? வேகமெடுத்தால் வேறென்ன மாறும்? தண்ணீர் பம்ப் வேகமாக இழுக்கும். அப்படி இழுக்கும்போது தண்ணீர் வரும் வழியில் என்ன நடக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை.

அதைப் பார்க்க வேண்டுமென்றால், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடும்போது அதன் கீழே தலையைக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ரோட்டில் விரட்டி, முள் ஏறியதும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஆதிலட்சுமியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஆக்சிலேட்டரைக் காட்டினார். அவர் குனியாமல் வண்டியின் அடியையே பார்த்து நிற்பதை அவள் கவனித்தாள்.

"நீங்க மிதிங்க. நான் படுத்துப் பாக்கறன்."

"வேணாம். ஒம்மேல வெந்தண்ணி வுழுந்துச்சுன்னா நான் தாங்க மாட்டன்."

ஈரச் சாக்கைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு வண்டியின் முன்பக்கம் அடியில் நகர்ந்தார். மேலிருந்து அனல் முகத்தில் அடித்தது. பழைய தழும்பு முழுக்க எரிவதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, திறந்தார்.

"மிதி!"

எஞ்சின் உறுமியது. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஓஸ், இளநீர் உறிஞ்சுகிறவன் கன்னம்போல உள்வாங்கி ஒட்டிக்கொண்டது.

"காலை எடு!"

ஓஸ் உப்பிப் பழையபடி ஆனது.

"இன்னொரு தபா மிதி!"

மறுபடியும் ஒட்டியது. மூன்றாம் முறையும் மிதிக்கச் சொன்னார். "போதும், வெளிய வாங்க!" என்று ஆதிலட்சுமி அழுகிற குரலில் கத்திய பிறகுதான் நகர்ந்து வந்தார்.

கழற்றிய ஓஸை ஜெயராஜ் கையில் அமுக்கிப் பார்த்தார். துணிபோல மடங்கியது. "உள்ள இருக்கற ஸ்பிரிங்கு துருப்புடிச்சிப் போயிருக்குதுண்ணே. ஷெட்டுல பம்பு மெதுவா இழுத்துச்சு, தெரியல. ரோட்டுல வேகமா இழுக்கறப்ப ஓஸு ஒட்டிக்குது. அப்புறம் தண்ணி எப்பிடிப் போவும்? நான்தான் பாக்காம வுட்டுட்டன்."

திங்கட்கிழமை, புது ஓஸுடன் முள் வழி முழுக்கப் பாதியிலேயே நின்றது. "முன்னாடி வந்துடட்டுமாண்ணே?" என்று பூங்கோதை கேட்டாள். "ஒரு வாரம் போவட்டும்மா" என்றார். கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவர் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பூங்கோதைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வேனை அவர் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டினார். அது மறுபடி கொதிக்கவில்லை. பயம் மட்டும் போகவில்லை. எங்காவது பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, எட்டி எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டு வருவார்.